லாக்டேட் பீக்கை உடனே நம்பிவிடாதீர்கள்: புற்றுச் செல்லில் எல்டிஎச் அளக்கும்போது வரும் கோளாறுகள்

"அக்கா, லாக்டேட் வரவே மாட்டேங்குது" என்று போன் வந்தால் நான் முதலில் கேட்பது, என்ஏடிஎச்சை (எல்டிஎச் நொதி வேலை செய்யத் தேவையான துணைப்பொருளை) என்றைக்குக் கரைத்தீர்கள் என்பதைத்தான். பல பேருக்கு அந்தக் கேள்வியிலேயே பதில் கிடைத்துவிடும். புற்றுச் செல்லின் எல்டிஎச் என்ற நொதி எவ்வளவு வேகமாக லாக்டேட் செய்கிறது என்று என்எம்ஆரில் அளக்கும் மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும் ஆராய்ச்சி மாணவர்கள் அதே ஏழெட்டுக் குழிகளில்தான் விழுகிறார்கள், நானும் அவற்றில் ஒன்று விடாமல் விழுந்து எழுந்தவள்தான்.

எங்கள் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். செல் வளர்க்கும் அறை காரைக்குடி செக்காலையில், என்எம்ஆர் காந்தம், அதாவது காந்தப் புலத்தில் அணுக்கள் தரும் சிக்னலை நிறமாலையாகக் காட்டும் கருவி, கோட்டையூர்ப் பக்கம். நடுவில் ஆட்டோ, தெர்மாகோல் பெட்டி, சித்திரை வெயில். கருவி 400 மெகாஹெர்ட்ஸ், சாதாரண 5 மில்லிமீட்டர் டியூப். பெரிய ஊர்களில் இருப்பவர்கள் சிரிக்கலாம், ஆனால் இதை வைத்தே ஒழுங்கான எண் எடுக்க முடியும்.

சரியாக ஓடும்போது எப்படி இருக்கும்

ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் புற்றுச் செல் குளுக்கோஸை லாக்டேட்டாக்கி வெளியே தள்ளும். 1920களில் ஓட்டோ வார்பர்க் கவனித்த விஷயம் இது. அதன் கடைசிப் படியில் நிற்பது லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ், சுருக்கமாக எல்டிஎச். பைருவேட்டையும் என்ஏடிஎச்சையும் வாங்கிக்கொண்டு லாக்டேட்டையும் என்ஏடி+ஐயும் கொடுக்கும். புரோட்டான் (ஹைட்ரஜன்) நிறமாலையில் பைருவேட்டின் மெத்தில் (CH3 பகுதி) 2.37 பிபிஎம்மில், அதாவது நிறமாலை அளவுகோலில் அந்த எண்ணில், ஒற்றைப் பீக்காக நிற்கும். லாக்டேட்டின் மெத்தில் 1.33இல் இரண்டாகப் பிளந்து, 7 ஹெர்ட்ஸ் இடைவெளியில், டப்லெட்டாக வரும். முதலாவது இறங்க இறங்க இரண்டாவது ஏற வேண்டும். கேட்க அவ்வளவுதான்.

நாங்கள் போடும் அளவு: செல்லை உடைத்து எடுத்த லைசேட், பிஎச் 7.4 பாஸ்பேட் பஃபர், பத்தில் ஒரு பங்கு கனநீர் (ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள தண்ணீர்), 2 மில்லிமோலார் பைருவேட், 2.5 மில்லிமோலார் என்ஏடிஎச், மொத்தம் 600 மைக்ரோலிட்டர், 37 டிகிரி. அரை நிமிடத்துக்கு ஒரு நிறமாலை, விடாமல் ஒரு மணி நேரம். ட்ரிஸ், ஹெப்பீஸ் பஃபர்களை இங்கே கொண்டுவராதீர்கள், அவற்றின் சொந்த பீக்குகள் பாதி நிறமாலையை அடைத்துக்கொள்ளும். பாஸ்பேட்டில் என்ஏடிஎச் கொஞ்சம் வேகமாகக் கெடும் என்பது உண்மைதான், ஆனால் ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும்.

லாக்டேட் வருவதே இல்லை

முதல் சந்தேகம் என்ஏடிஎச் மேல். அமிலத்தில் அது நிற்காது, வெளிச்சமும் ஆகாது, ஈரம் பட்டால் இன்னும் மோசம். ஈரம் ஏறிய பொடியில் எல்டிஎச்சையே தடுக்கும் பொருள் உண்டாகும் என்பது பலருக்குத் தெரியாது. ஐப்பசி மழையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குப்பியை அப்படியே திறந்தால் குளிர்ந்த பொடி மேல் காற்றின் ஈரம் படியும். குப்பி அறை வெப்பத்துக்கு வரட்டும், அரை மணி நேரம் பொறுத்துத் திறங்கள். கரைத்ததை அன்றைக்கே பயன்படுத்தி முடியுங்கள்.

இரண்டாவது சந்தேகம் ஐஸ் மேல். நொதி என்றாலே ஐஸில் வை என்று நமக்குப் பாடம். எல்டிஎச்சில் அது பாதிதான் சரி. நான்கு துண்டு சேர்ந்த நொதி இது. நான்கும் எம் வகையாக இருக்கும் எல்டிஎச்-5 குளிரில், முக்கியமாக உறைய வைத்து உருக்கும்போது, வேகமாகச் செயல் இழக்கும். பல புற்றுச் செல்களில் ஓங்கி நிற்பதும் அந்த வகைதான். எல்டிஎச் பார்க்க எடுத்த சீரத்தை ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் ஃப்ரிட்ஜில் வைக்காமல் அறை வெப்பத்தில் வைப்பது இதனால்தான். நாங்கள் ஒரு மாதம் முழுக்க லைசேட்டை மைனஸ் 20இல் சேர்த்து வைத்து, மொத்தமாக ஆட்டோவில் ஏற்றிப் போய் அளந்தோம். எண்கள் அழகாக, ஒரே சீராக, எல்லாம் தப்பாக வந்தன. இப்போது உடைத்த அன்றைக்கே அளக்கிறோம்.

எது குற்றவாளி என்று சீக்கிரம் தெரிய வேண்டுமா? அதே லைசேட்டில் கொஞ்சம் எடுத்து ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில், என்ஏடிஎச் ஒளியை உறிஞ்சும் 340 நானோமீட்டரில் பாருங்கள். என்ஏடிஎச் கலந்ததும் அளவு எழவே இல்லை என்றால் என்ஏடிஎச் செத்துவிட்டது. எழுந்து, பைருவேட் போட்ட பிறகும் இறங்காமல் நின்றால் கோளாறு நொதியில். அங்கே நன்றாக இறங்கி, காந்தத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை என்றால், பெரும்பாலும் லைசேட்டை அளவுக்கு மேல் நீர்த்துவிட்டீர்கள், அல்லது தண்ணீர் பீக்கை அமுக்கும் அமைப்பு இடம் மாறி விழுகிறது.

முதல் நிறமாலையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது

இதற்கு நேர்மாறு, சந்தோஷமான கோளாறு. டியூபில் இருக்கும் பைருவேட் மொத்தமே 1.2 மைக்ரோமோல். நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் மாற்றும் நொதியைத்தான் ஒரு யூனிட் என்கிறோம். நீங்கள் ஒரு யூனிட் போட்டால், மூடி போட்டு, தலைகீழாகக் கவிழ்த்து, காந்தத்தில் இறக்கி, லாக் பிடித்து (கனநீர் சிக்னலை வைத்துப் புலத்தை நிலைநிறுத்தி), ஷிம் பார்த்து (புலத்தைச் சீராக்கி) முடிப்பதற்குள் கதை முடிந்திருக்கும். 0.01 யூனிட் பக்கம் வரும்வரை நீர்த்துக்கொண்டே போங்கள். பத்து நிமிடத்தில் பத்தில் ஒரு பங்கு மாறினால் அருமையான வேகம், கோடு நேராக இருக்கும். ஷிம் வேலையை நொதி போடாத, அதே உயரம் நிரப்பிய டியூபில் முன்கூட்டியே முடித்து வையுங்கள்.

லாக்டேட் ஏறுகிறது, அப்புறம் பாதியில் நின்றுவிடுகிறது

அதிகம் வரும் புகார் இது. வந்தவர்கள் எல்லோரும் "நொதி செத்துருச்சு அக்கா" என்றே சொல்வார்கள். பெரும்பாலும் நொதி நன்றாகத்தான் இருக்கும், என்ஏடிஎச்தான் தீர்ந்து போயிருக்கும்.

எப்படி என்றால், செய்முறையை அவர்கள் 340 நானோமீட்டர் முறையிலிருந்து அப்படியே எடுத்திருப்பார்கள். அதில் என்ஏடிஎச் 0.2 மில்லிமோலார்தான் போடுவார்கள், காரணம் இருக்கிறது: அதன் மோலார் உறிஞ்சுதிறன் 6220, அதனால் 0.2 மில்லிமோலாருக்கே 1.24 காட்டும். அதற்கு மேல் போனால் கருவி சரியாகப் படிக்காது. அங்கே நாம் பார்ப்பதே என்ஏடிஎச் தீரும் வேகத்தைத்தான், தீர்ந்தால் தீரட்டும். என்எம்ஆரில் நாம் பார்ப்பது லாக்டேட்டை. ஒரு பைருவேட் மாற ஒரு என்ஏடிஎச் செலவாகும், கடன் கிடையாது. 2 மில்லிமோலார் பைருவேட்டுக்கு 0.2 மில்லிமோலார் என்ஏடிஎச் போட்டால் பத்தில் ஒரு பங்கு மாறியதும் ஆட்டம் முடிந்தது.

இதை நிறமாலையிலேயே பார்த்துவிடலாம். இடது கோடியில், 9.3 பிபிஎம் அருகே, என்ஏடி+இன் நிகோடினமைடு பீக் ஒன்று தனியாக எழும். அந்தப் பக்கம் வேறு கூட்டம் இல்லாததால் சின்னதாக இருந்தாலும் தெரியும். லாக்டேட் எவ்வளவு ஏறியதோ அதே அளவு மில்லிமோலார் இதுவும் ஏறியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே உயரத்தில் நின்று, அந்த உயரம் நீங்கள் போட்ட என்ஏடிஎச் அளவுக்குச் சமமாக இருந்தால் வழக்கு முடிந்தது. இரண்டும் அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டால் மட்டும் நொதியையோ பிஎச்சையோ சந்தேகப்படுங்கள்.

என்ஏடிஎச் விலையைப் பார்த்தால் வயிறு எரியும், தெரியும். பைருவேட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் சமமாக வையுங்கள். பைருவேட்டை அள்ளிப் போடுவதால் லாபமும் இல்லை, அளவு மீறினால் அதுவே எல்டிஎச்சைத் தடுக்கும், இதயத் தசை வகையான எல்டிஎச்-1ஐ இன்னும் அதிகமாக.

நொதியே போடவில்லை, லாக்டேட் இருக்கிறது

கையைப் பாருங்கள். வியர்வையில் லாக்டேட் உண்டு. பைபட் முனையைக் கையுறை இல்லாமல் தொட்டவர், டியூபின் வாயை விரலால் மூடிக் கவிழ்த்தவர், மே மாதத்தில் ஏசி நின்ற அறையில் வேலை செய்தவர், எல்லோரும் 1.33இல் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

அடுத்து, செல் வளர்த்த ஊட்டக் கரைசலில் போட்ட மாட்டுக்கன்றுச் சீரம். அதில் லாக்டேட்டும் உண்டு, எல்டிஎச்சும் உண்டு. செல்லை மூன்று முறையாவது கழுவாமல் உடைத்தால் கன்றுக்குட்டியின் நொதியையும் சேர்த்து அளப்பீர்கள். லைசேட்டுக்குள்ளும் செல் ஏற்கெனவே செய்து வைத்த லாக்டேட் இருக்கும், அதை நேரம் பூஜ்யத்தில் அளந்து கழித்துவிடலாம்.

மூன்றாவது, அது லாக்டேட்டே இல்லாமல் இருக்கலாம். செல் உடைக்க ட்ரைட்டான் எக்ஸ்-100 போட்டீர்களா? அதன் ஒரு பகுதி 1.3 பக்கத்திலேயே வந்து உட்காரும், 3.7இல் மலை மாதிரி ஒன்று நிற்பதைப் பார்த்தால் அதுதான். திரியோனின் 1.32இல் வரும். கொழுப்பின் மெத்திலீனும் 1.3இல் அகலமாகப் படுத்திருக்கும். நிஜ லாக்டேட் என்றால் 7 ஹெர்ட்ஸ் டப்லெட்டாக இருக்க வேண்டும், அதோடு 4.11இல் நான்காகப் பிளந்த துணை பீக்கும் மூன்றில் ஒரு பங்கு பரப்பில் இருக்க வேண்டும். தண்ணீரை அமுக்கும்போது அந்தத் துணை பீக் கொஞ்சம் தேயலாம், அதனால் பரப்பு சற்றுக் குறைந்தால் பதற வேண்டாம். அடியோடு காணவில்லை என்றால் 1.33இல் இருப்பது வேறு ஆள்.

ட்ரைட்டானுக்குப் பதில் நாங்கள் ஐஸ் மேல் வைத்துச் சோனிகேட்டரில் உடைக்கிறோம். கொஞ்ச நேரம்தான், உறைய விடுவதில்லை.

கார்பன்-13 பைருவேட் வாங்கினோம், நிறமாலை அசுத்தமாக இருக்கிறது

பழைய லாக்டேட்டையும் புதிதாக நொதி செய்த லாக்டேட்டையும் பிரிக்க நல்ல வழி, மெத்தில் இடத்தில் கார்பன்-13 குறியிட்ட பைருவேட். இயற்கையில் கார்பன்-13 நூற்றுக்கு 1.1தான், அதனால் குறியோடு வரும் லாக்டேட் ஏறக்குறைய எல்லாமே உங்கள் டியூபில் பிறந்தது.

ஒரு தம்பி முதன்முதலாக அதை வாங்கி ஓட்டினார். விலை உயர்ந்த சாமான், கை நடுங்கிக்கொண்டேதான் கரைத்தார். நிறமாலையைப் பார்த்தால் 2.21இல் ஒரு பீக், "அசிட்டோன், டியூப் சரியாகக் காயலை" என்றேன். கொஞ்ச நேரத்தில் 1.17இல் ஒன்று முளைத்தது, "எத்தனால், ஹூட்டில் ஸ்பிரிட் அடிச்சிருக்கீங்க" என்றேன். 1.49இல் ஒன்று, "அலனின்." தம்பி மூன்று டியூபைக் கழுவி, ஸ்பிரிட்டே இல்லாமல் மறுபடி செய்தார். மூன்றும் அதே இடத்தில். அப்போதும் நான் அவரைத்தான் திட்டினேன்.

அன்று இரவு தாளில் கணக்குப் போட்டபோது வெட்கமாகிவிட்டது. கார்பன்-13 ஒட்டியிருந்தால் மெத்தில் பீக் தன் இடத்திலிருந்து இரு பக்கமும் பிளந்து விலகும், இடைவெளி ஏறத்தாழ 128 ஹெர்ட்ஸ். 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் 128 ஹெர்ட்ஸ் என்பது 0.32 பிபிஎம், ஆக ஒரு பக்கத்துக்கு 0.16. பைருவேட் 2.37, அதில் 0.16 போனால் 2.21, அசிட்டோனின் வீட்டு வாசல். லாக்டேட் 1.33, ஒரு பக்கம் 1.17, எத்தனால் வாசல். இன்னொரு பக்கம் 1.49, அலனின் வாசல். நாங்கள் அசுத்தம் என்று திட்டிய மூன்றும் நாங்கள் தேடிய சரக்கேதான்! 600 மெகாஹெர்ட்ஸ் காந்தமாக இருந்திருந்தால் அந்த விலகல் 0.11ஆகச் சுருங்கி, இந்த மூன்று வாசலிலும் நிற்காமல் போயிருக்கும். நம் கருவிக்கு வாய்த்த ராசி அப்படி.

பரிசோதனை சுலபம். கார்பனை டீகப்பிள் செய்து (அதனால் வரும் பிளவை அணைத்து) ஒரு முறை, செய்யாமல் ஒரு முறை எடுங்கள். டீகப்பிள் செய்ததும் இரண்டு பக்கத்துப் பீக்கும் நடுவில் வந்து சேர்ந்தால் அது குறியிட்ட மூலக்கூறு. அசையாமல் நின்றால் உண்மையிலேயே அசிட்டோன், கழுவுங்கள். டீகப்ளிங் டியூபைச் சூடாக்கும், அதனால் சிக்னல் சேகரிக்கும் நேரத்தைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். நேராகக் கார்பனையே பார்ப்பது என்றால் லாக்டேட்டின் மெத்தில் 20.8 பிபிஎம்மில் தனியாக நிற்கும், ஆனால் நேரம் அதிகம் பிடிக்கும், வேகமான நொதிக்கு ஒத்துவராது.

பைருவேட் குறைகிறது, அந்த அளவுக்கு லாக்டேட் ஏறவில்லை

எங்கள் அப்பச்சி கடைக் கணக்கில் ஐந்தொகை போட்டு, இரண்டு பக்கமும் நேராகாமல் சாப்பிட எழுந்திருக்க மாட்டார். நாலணா உதைத்தாலும் ராத்திரி முழுக்கப் பேரேட்டைப் புரட்டுவார். அந்தப் புத்தியைத்தான் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்: ஒவ்வொரு நிறமாலையிலும் பைருவேட், லாக்டேட், அலனின், பைருவேட் ஹைட்ரேட் நான்கையும் கூட்டுங்கள். முதல் நிறமாலையிலும் கடைசியிலும் கூட்டுத்தொகை ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ ஓட்டை, வேகம் கணக்கிடப் போகாதீர்கள்.

ஓட்டைகள் எங்கெங்கே என்றால், பைருவேட் தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரேட்டாகும். நடுநிலை பிஎச்சில் சின்னப் பங்குதான், பிஎச் இறங்கினால் கூடும். அதன் மெத்தில் 1.49இல் ஒற்றையாக வரும். அலனின் அங்கேயே 1.48இல் டப்லெட்டாக வரும். லைசேட்டில் குளூட்டமேட்டும் அலனின் டிரான்ஸ்அமினேஸும் இருந்தால் அலனின் உண்டாகத்தான் செய்யும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதால் பார்வைக்குக் குழம்பும், பெரிதாக்கிப் பார்த்தால் பிளவு தெரியும், அப்படியும் தெரியாவிட்டால் கொஞ்சம் தனியாக எடுத்து பிஎச்சை 2 பக்கம் வரை இறக்கிப் பாருங்கள், ஹைட்ரேட் மட்டும் பெருகும்.

கனநீர் இன்னொரு ஓட்டை. லாக் நன்றாகப் பிடிக்கும் என்று ஒருவர் முழுக்க முழுக்கக் கனநீரில் செய்தார். பைருவேட்டின் மெத்தில் ஹைட்ரஜன்கள் மெதுவாகத் தண்ணீரோடு இடம் மாறும். சுற்றி இருப்பது கனநீர் என்றால் டியூட்டீரியம் உள்ளே போய்விடும், புரோட்டான் நிறமாலையில் பைருவேட் கரைந்து போவது போலத் தெரியும். நொதி வேலை செய்வதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். 2.37 பீக்குக்கு வலது பக்கம் ஒட்டியபடி சின்னச் சின்னக் கிளைகள் முளைத்தால் இதுதான். பத்தில் ஒரு பங்கு கனநீருக்கு மேல் போகாதீர்கள். பிஎச் மீட்டரும் முழுக் கனநீரில் 0.4 குறைத்துக் காட்டும், அது தனித் தலைவலி.

பழைய பைருவேட் கரைசலும் ஏமாற்றும். நாள்பட்டால் இரண்டு பைருவேட் ஒன்றோடொன்று சேர்ந்து பாராபைருவேட் ஆகிவிடும். பாட்டிலில் எழுதியிருக்கும் செறிவு அப்போது வெறும் எழுத்துதான்.

கடைசி ஓட்டை, ஒப்பீட்டுப் பொருள். டிஎஸ்பி என்று எல்லோரும் போடுவதை லைசேட்டில் போட்டால் அது புரதத்தில் ஒட்டிக்கொண்டு அகலமாகும், பரப்பு குறையும், அதை வைத்துக் கணக்கிடும் மற்றதெல்லாம் எகிறும். நாங்கள் ஃபார்மேட்டைச் சன்னமான கண்ணாடிக் குழாயில் அடைத்து டியூபுக்குள் இறக்குகிறோம். 8.44இல் யார் வம்புக்கும் போகாமல் நிற்கும். இன்னொன்று, லாக்டேட்டுக்கும் பைருவேட்டுக்கும் டி1 (ஒரு பல்ஸ் அடித்தபின் காந்தத்தன்மை மீண்டு வர ஆகும் நேரம்) ஒன்றல்ல. ஸ்கேன்களுக்கு நடுவே போதிய இடைவெளி விடாமல் அவசரப்பட்டால் இரண்டின் பரப்பும் வெவ்வேறு விகிதத்தில் குறையும். இரண்டையும் சம அளவு கலந்த டியூப் ஒன்றை அதே அமைப்பில் ஓட்டி, திருத்தக் காரணி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பீக் எல்லாம் அகலமாக, வடிவமில்லாமல்

லைசேட்டில் இப்படி வந்தால் குமிழி. குளிர்ந்த பஃபரை 37 டிகிரிக்குக் கொண்டுபோனால் கரைந்திருந்த காற்று வெளியே வந்து, சோடா பாட்டிலில் போல, கண்ணாடிச் சுவரில் வரிசையாக ஒட்டிக்கொள்ளும். டியூபை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் கடுகில் கால்வாசி அளவில் தெரியும். நகத்தால் மெல்லச் சுண்டினால் மேலே ஏறிவிடும். பஃபரை முன்கூட்டியே 37இல் அரை மணி வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

உயிருள்ள செல்லில் இப்படி வந்தால் அது படிவு. ஒரு கோடி செல்லை டியூபில் போட்டால் பத்து நிமிடத்துக்குள் அடியில் இறங்க ஆரம்பிக்கும், ஷிம் செய்த புலம் கலைந்துவிடும், சிக்னல் வாங்கும் சுருள் பார்க்கும் இடத்தில் செல்லே குறைந்துவிடும். அடர்த்தியாக இருப்பதால் ஆக்சிஜனும் சில நிமிடங்களில் தீரும், அப்புறம் நீங்கள் அளப்பது மூச்சுத் திணறும் செல்லை. ஆல்ஜினேட் மணிகளில் செல்லைப் புதைத்து, புது ஊட்டக் கரைசலை ஓடவிட்டு அளப்பவர்கள் உண்டு. அந்தக் குழாய் வசதி இல்லாவிட்டால், என் யோசனை, உயிர்ச் செல்லைக் காந்தத்துக்கு வெளியே இன்குபேட்டரில் வைத்து, குறித்த நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து நிறுத்தி அளப்பதுதான். பகட்டில்லை, வேலைக்கு ஆகும்.

ஒரே லைசேட், காலையில் ஒரு வேகம், மதியம் ஒரு வேகம்

வெப்பநிலை. திரையில் 37 என்று இருப்பது டியூபுக்கு அடியில் வீசும் காற்றின் சூடு, உள்ளே இருக்கும் திரவத்தின் சூடு வேறாக இருக்கலாம். தண்ணீர் பீக்கே நல்ல தெர்மாமீட்டர், சூடு ஏற ஏற டிகிரிக்கு 0.01 பிபிஎம் வலது பக்கம் நகரும். நிலையான ஒப்பீட்டுப் பீக்கிலிருந்து தண்ணீர் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு நிறமாலையிலும் குறித்து வையுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் அது நகர்ந்துகொண்டே இருந்தால் அந்தப் புள்ளிகளை வேகக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த டியூபை நேராக உள்ளே இறக்கினால் கட்டாயம் நகரும்.

லைசேட்டில் எல்டிஎச் அதிகம், உயிர்ச் செல்லில் லாக்டேட் குறைவு

இதில் கோளாறே இல்லாமல் இருக்கலாம். லைசேட்டில் நாம் கதவைப் பெயர்த்து எறிந்துவிட்டு, என்ஏடிஎச்சையும் கை நிறையக் கொடுக்கிறோம். நொதியால் அதிகபட்சம் எவ்வளவு முடியும் என்பதுதான் அங்கே வரும் எண். உயிர்ச் செல்லில் பைருவேட் எம்சிடி-1 போன்ற கடத்திகள் வழியாக உள்ளே போக வேண்டும், உள்ளே இருக்கும் என்ஏடிஎச்சை வைத்துத்தான் மாற வேண்டும். எந்த இடத்தில் இறுகுகிறது என்று பார்க்க, ஒரு டியூபில் ஆக்ஸமேட், இன்னொன்றில் ஆல்ஃபா-சயனோ-4-ஹைட்ராக்சிசின்னமேட். முன்னது எல்டிஎச்சைத் தடுக்கும், பின்னது கடத்தியைத் தடுக்கும். ஆக்ஸமேட்டில் கார்பனோடு ஒட்டிய ஹைட்ரஜனே இல்லை, அதனால் நிறமாலையில் தனக்கென்று இடம் பிடிக்காது, எனக்கு மிகவும் பிடித்த தடுப்பான். பின்னதை மிகக் குறைந்த அளவில் சேர்த்தாலே லாக்டேட் சரிந்தால், நீங்கள் அளந்துகொண்டிருந்தது நொதியைவிடக் கதவைத்தான்.

செத்த செல் எத்தனை என்று ட்ரிப்பான் புளூ (செத்த செல்லில் மட்டும் ஏறும் சாயம்) போட்டு எண்ணிவிட்டு ஆரம்பியுங்கள். ஓட்டையான செல்லிலிருந்து எல்டிஎச் வெளியே கசியும், வெளியே வந்த நொதிக்கு என்ஏடிஎச் கிடையாது, அதனால் அது சும்மா கிடக்கும்.

மிகைமுனைவாக்கிய (சிக்னலைப் பல மடங்கு ஏற்றிய) பைருவேட்டில் இந்தக் குழப்பம் இன்னும் கூடும். அந்த இயந்திரம் எங்களிடம் இல்லை, ஆனால் அது இருக்கும் இடத்துக்குப் போய் அளந்துவிட்டு வருபவர்கள் கேட்பதால் சொல்கிறேன். சுமார் ஒன்றேகால் கெல்வினில் உறைய வைத்து, கார்பன்-13இன் சிக்னலைப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் ஏற்றி, சடாரென்று கரைத்துச் செலுத்துவார்கள், 2003இல் வெளிவந்த முறை. முதல் கார்பனில் குறியிட்ட பைருவேட் 171 பிபிஎம், லாக்டேட் 183, நடுவில் 179இல் ஹைட்ரேட், 176இல் அலனின். லாக்டேட் சிக்னல் ஏறினால் புதிதாக அவ்வளவு லாக்டேட் உண்டானது என்று எடுத்துக்கொள்ள முடியாது. எல்டிஎச் இரு திசையிலும் ஓடும், ஏற்கெனவே தேங்கிக் கிடக்கும் லாக்டேட்டோடு குறி இடம் மாறுவதும் அதில் கலந்திருக்கும். 2007இல் கேம்பிரிட்ஜில் கெவின் பிரிண்டில் குழு, மருந்து கொடுத்த லிம்போமாவில் இந்தப் பரிமாற்றம் குறைவதைக் காட்டியபோது, காரணங்களில் ஒன்றாகச் சொன்னது என்ஏடிஎச் இருப்பு குறைந்ததை. நொதி எண்ணிக்கை ஒன்றை மட்டும் வைத்து அதை விளக்க முடியவில்லை.

சிக்னல் சட்டென்று செத்துப்போகிறது என்றால் பல்ஸ் கோணத்தைப் பாருங்கள். ஏற்றி வைத்த காந்தத்தன்மை ஒருமுறைதான், மறுபடி ஊறாது. 30 டிகிரியில் பத்து முறை அடித்தால் மிச்சம் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. 10 டிகிரியில் அறுபது முறை அடித்தாலும் நூற்றுக்கு நாற்பது மிஞ்சும். டி1 தேய்மானம் இது போக.

எண் வந்துவிட்டது, எப்படி எழுதுவது

லாக்டேட் நிமிடத்துக்கு 0.02 மில்லிமோலார் ஏறினால், 0.6 மில்லிலிட்டரில் அது 0.012 மைக்ரோமோல், அதாவது 0.012 யூனிட். டியூபில் போட்ட புரதத்தின் மில்லிகிராமால் வகுத்து எழுதுங்கள், புரதத்தை அளக்க பிராட்ஃபோர்டு முறை போதும். லைசேட்டில் ட்ரைட்டான் இருந்தால் பிராட்ஃபோர்டும் பொய் சொல்லும், பிசிஏ முறைக்குப் போங்கள். லைசேட்டை வடிகட்டும் குழாய் வழியாக எடுத்தவர்கள் புதுச் சவ்வை நாலைந்து முறை தண்ணீர் விட்டுச் சுழற்றிக் கழுவிவிடுங்கள், அதில் பூசியிருக்கும் கிளிசரின் 3.6 பக்கம் வந்து நிற்கும்.

டியூபை அசிட்டோன் விட்டு அலசியபின் தண்ணீரில் இன்னொரு அலசு. ஓவனில் நிறுத்தி வைத்துக் காயப்போடாதீர்கள், வளைந்துவிடும். தட்டையான தட்டில் படுக்க வைத்து மின்விசிறிக்கு அடியில் விட்டால், இந்த ஊர் வெயிலில், மறுநாள் காலைக்குள் காய்ந்திருக்கும்.